உடம்பும் நோயும் நானும்

(திருநெல்வேலியில் நடைபெற்ற மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நாளை விடியற்காலையில் நீங்கள் கழுகுமலைக்குச் செல்லவிருக்கிறீர்கள். அம்மலையைப் பற்றியே நான் பேசுவேன் என்று பலரும் எதிர்பார்த்திருக்கலாம். கல்வெட்டும் சிற்பமும் பற்றிப் பேச என்னினும் தகுதியுடையோர் இம்மேடையில் இருக்கின்றனர். ஆகவே, வேறு எவரும் எனக்காகப் பேச இயலாத ஒன்றைப் பற்றிப் பேச ஒப்புதல் கேட்டேன், பொறுப்பாளர்கள் இசைந்தனர். நோயோடு வளர்ந்த ஒரு குழந்தை, ‘நான் யார்?’ என்று கேட்டுக்கொண்ட கதை அது. எனக்கு இப்போது 65 வயது. 11 வயதில் எனக்கு நீரிழிவு வந்தது.

என் தந்தையார் பொன்னூர் மலைக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரினர். அரசுப் பணியின் பொருட்டு 1967ஆம் ஆண்டு பாளையங்கோட்டைக்கு மாற்றலாகி வந்தார். அம்மா, பாட்டி, தம்பி, நான் என ஐவர் கொண்ட குடும்பம். எங்கள் தெருவில் சமணக் குடும்பம் என்று எங்களைத் தவிர ஒன்றும் இல்லை. “நீங்க என்ன ஆளுங்க?” என்று அண்டை வீட்டார் கேட்பர். பாட்டி, “நயினார்” என்பார். கேட்டவர்க்கு விளங்காது. பொழுது சாய்ந்தபின் உண்ணாதவர்கள், தேன் தொடாதவர்கள் என்று விளக்குவார். அவ்விளக்கமே எங்களுக்கு அவ்வூரில் அடையாளமாயிற்று.

1970ஆம் ஆண்டு, பள்ளி அரையாண்டுத் தேர்வு நேரம். தணியாத தாகம், இரவில் ஆறேழு முறை எழுந்து வெளியே செல்ல வேண்டியிருந்தது, மூன்று வாரங்களில் பாவாடை இடுப்பில் நில்லாத அளவுக்கு இளைத்துப்போனேன். நாட்டு வைத்தியர் ஒருவர் சூரணம் கொடுத்துத் தேனில் குழைத்து உண்ணச் சொன்னார். தேனா என்று பாட்டி மறுத்து, வெந்நீரில் கலக்கிக் கொடுத்தார். பின்னர் அரசு மருத்துவமனையில் சேர்த்தனர். திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி 1965இல்தான் தொடங்கப்பெற்றிருந்தது. அந்த நல்வாய்ப்பினால் நோய் இன்னதென்று உடனே அறியப்பட்டது. அன்று தொடங்கிய ஊசி இன்றுவரை நிற்கவில்லை. நாளொன்றுக்கு இரண்டு என்று கணக்கிட்டாலும் 50 ஆண்டுகளுக்கு 36,500 ஊசிகள்.

இந்நோயைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். வயது முதிர்ந்தோர்க்கு வரும் சர்க்கரை நோயை நீங்கள் அறிவீர்கள். குழந்தைகளுக்கு வருவது பெரும்பாலும் வேறு வகை. முதல் வகை நீரிழிவு என்பர். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே, கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் உயிரணுக்களைப் பகையென்று மயங்கி அழித்துவிடுகிறது. இனிப்பு மிகுதியாக உண்டதனால் வருவதன்று. பெற்றோரின் கவனக்குறைவினால் வருவதும் அன்று. இன்சுலின் இல்லையேல் உண்ட சோறு உடம்பில் சேராது. குழந்தை உண்டுகொண்டே பட்டினி கிடக்கும். வெளியிலிருந்து இன்சுலின் செலுத்துவது ஒன்றே வழி.

அக்காலத்தில் எங்கள் வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இல்லை. காருகுறிச்சிப் பானை ஒன்றை வாங்கி, அதில் ஆற்று மணல் நிரப்பி, நீர் தெளித்து, நடுவில் மருந்துக் குப்பியை வைப்பார் அம்மா. கண்ணாடி ஊசிக்குழலைக் காலையில் கொதிநீரில் இட்டு எடுப்பார். சிறுநீரை நீலநிற மருந்துநீரில் துளித்துளியாக விட்டுக் காய்ச்சிப் பார்ப்போம். நீலமாகவே நின்றால் நலம். பச்சை, மஞ்சள் என்று ஏறிச் செங்கல் நிறம் ஆனால் சர்க்கரை மிகுதி. காலையில் அம்மாவின் முகத்தைப் பார்த்தே அன்றைய நிறத்தை அறிந்துகொள்வேன்.

திருநெல்வேலி என்றாலே அல்வா. ஊர்ப்பெயரைச் சொன்னால் வெளியூரார் நாவில் நீர் ஊறும். அவ்வூரில் அல்வா உண்ணக் கூடாத பிள்ளையாக வளர்ந்தேன். திருமண வீடுகளில் என் இலையில் மட்டும் இனிப்பு விழாது. பரிமாறுகிறவர் என்னைக் கடக்கும்போது, “இது சர்க்கரைப் பிள்ளை” என்று அடுத்தவரிடம் மெல்லச் சொல்லுவார். என் பெயர் அன்று அதுவாயிற்று.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டுகிறேன். 50 வயதில் நோய் வந்தவர்க்கு, நோய் வருமுன் இருந்த ‘தான்’ ஒன்று நினைவில் உண்டு. ‘முன்னெல்லாம் நான் இப்படி இல்லை’ என்று சொல்லிக்கொள்ளலாம். அந்த நினைவைப் பற்றிக்கொண்டு நிற்கலாம். குழந்தைப் பருவத்தில் நோய் வந்தவர்க்கு அந்தப் பற்றுக்கோடு இல்லை. நான் என்று ஒருத்தி உருவாவதற்குள் நோய் வந்துவிட்டது. என் அச்சம், என் பிடிவாதம், என் எச்சரிக்கை, எதையும் கணக்கிட்டுப் பார்க்கும் என் இயல்பு, இவற்றில் எது நான், எது நோய்? 12 வயதில் எனக்கு இது விளங்கவில்லை. 65 வயதிலும் முழுமையாக விளங்கியது என்று சொல்லமாட்டேன்.

எனக்கோ இச்சிக்கல் இன்னொரு மடங்கு கூடுதலாக இருந்தது. இன்சுலின் மிகுந்து இரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிட்டால் உடல் நடுங்கும், வியர்த்துக் கொட்டும், நினைவு தப்பும். உடனே சர்க்கரை உட்கொள்ள வேண்டும். அது பெரும்பாலும் எனக்கு நள்ளிரவில் நேர்ந்தது. பொழுது சாய்ந்தபின் நீரும் அருந்தாத பாட்டிதான், என் படுக்கைக்கு அருகில் படுத்திருந்து, என் நடுக்கத்தை முதலில் உணர்ந்து எழுவார். இருட்டில் துழாவிச் சர்க்கரைத் தண்ணீரைக் கரைத்துத் தம் கையாலேயே புகட்டுவார். தசலட்சண பருவ நாள்களில் வீட்டில் எல்லாரும் உபவாசம் இருப்பர். எனக்கு மட்டும் மூன்று வேளையும் உணவு. ஒருமுறை அழுதேன். “பாட்டி, நான் மட்டும் நயினார் இல்லையா?” என்று கேட்டேன். பாட்டி விடை சொல்லவில்லை. என் தட்டில் சோற்றை இட்டுவிட்டு, நான் உண்டு முடிக்கும்வரை எதிரில் அமர்ந்திருந்தார்.

1973ஆம் ஆண்டு. எனக்கு 14 வயது. மருந்துக் குப்பியை எப்போதும் தந்தையாரே வாங்கி வருவார். அட்டைப்பெட்டி இன்றிக் குப்பியை மட்டுமே வீட்டுக்குக் கொண்டுவருவார். ஏன் என்று நான் எண்ணிப் பார்த்ததில்லை. அவர் வெளியூர் சென்றிருந்த ஒருநாள், மருந்து தீரும் நிலையில் இருந்ததால், நானே கடைக்குச் சென்றேன். பெட்டியைப் பிரித்தேன். உள்ளே மடித்து வைத்திருந்த தாளை, ஆங்கிலம் படிக்கத் தெரிந்த பெருமையில், ஆற்றுப்பாலத்தின் ஓரமாக நின்று படித்தேன். அம்மருந்து மாட்டின் கணையத்திலிருந்தும் பன்றியின் கணையத்திலிருந்தும் எடுக்கப்படுவது என்று அதில் இருந்தது.

தேனைத் தொடாத வீடு எங்களுடையது. விளக்கில் பூச்சி விழும் என்று பொழுதோடு உண்டு முடிக்கும் வீடு. அந்த வீட்டில் மூன்றாண்டுகளாக நாள்தோறும் காலையில் என் தொடையில் ஏறியது இதுதான்.

அன்று மாலை ஊசி வேண்டாம் என்றேன். காரணம் சொல்லவில்லை. மறுநாள் காலையிலும் வேண்டாம் என்றேன். அம்மா கெஞ்சினார், அடித்தார், அழுதார். நண்பகலில் வாந்தி தொடங்கியது. மாலையில் மூச்சு இரைத்தது. அதன்பின் எனக்கு நினைவில்லை. கண் விழித்தபோது மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தேன். கையில் நரம்பு வழியாக நீர் ஏறிக்கொண்டிருந்தது. பாட்டி அருகில் அமர்ந்திருந்தார். என் பாவாடை மடியில் இருந்த அந்தத் தாள் அவர் கையில் இருந்தது. அவர்க்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் அது எதைப் பற்றிய தாள் என்று அவர்க்குத் தெரிந்திருந்தது.

“முதல் நாளே உங்க அப்பா என்கிட்டச் சொல்லிட்டான்” என்றார். “போடலாமான்னு என்னைத்தான் கேட்டான். போடுன்னு நான்தான் சொன்னேன்.”

நான் ஒன்றும் பேசவில்லை.

“அந்த வாயில்லாத சீவனுங்களுக்கு நீ கடன்பட்டிருக்கே. இல்லைன்னு நான் சொல்லமாட்டேன். கடன் வாங்கினவ செத்துப்போயிட்டா கடன் தீர்ந்துடுமா? இருந்து தீர்.”

அதன்பின்னரே அம்மா எனக்கு ஒன்றைச் சொன்னார். எனக்கு ஊசி தொடங்கிய நாள் முதல் பாட்டி பாலும் தயிரும் நெய்யும் விட்டிருந்தார். சுவைப் பொருள்களைத் துறக்கும் ரசபரித்தியாகம் நம் சமயம் கூறும் புறத்தவங்களுள் ஒன்று என்பதை நீங்கள் அறிவீர்கள். மூன்றாண்டுகளாக அவர் மோரின்றி உண்டதை நான் கவனித்ததே இல்லை. 1979இல் அவர் மறையும்வரை அந்த நோன்பு தொடர்ந்தது.

பின்னாளில் இம்மருந்தின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். கனடா நாட்டின் டொராண்டோ நகரில் 1921ஆம் ஆண்டு கோடையில் பேண்டிங், பெஸ்ட் என்னும் இருவர், பேராசிரியர் மெக்லியாடின் ஆய்வுக்கூடத்தில் நாய்களைக் கொண்டு சோதனை செய்தனர். பின்னர் இறைச்சிக்கூடத்து மாடுகளின் கணையத்திலிருந்து சாறு எடுத்தனர். 1922 ஜனவரி 11ஆம் நாள் லியோனார்டு தாம்சன் என்னும் சிறுவனுக்கு அது முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. அவன் வயது 14. எடை 30 கிலோவுக்கும் குறைவு. முதல் ஊசி தூய்மையின்மையால் பயன் தரவில்லை. கோலிப் என்னும் வேதியியலறிஞர் தூய்மைப்படுத்திக் கொடுத்தது ஜனவரி 23ஆம் நாள் செலுத்தப்பட்டது; சிறுவன் பிழைத்தான். மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான். அதற்கு முன்னர் இந்நோய் வந்த குழந்தைகளுக்கு மருத்துவர்களிடம் இருந்தது பட்டினி முறை ஒன்றே. சாவைச் சில மாதங்கள் தள்ளிப்போடுவதே அதன் பயன். கண்டுபிடித்தோர் தம் உரிமையைத் தலைக்கு ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்திடம் கொடுத்துவிட்டனர். அது ஒருவகை ஔஷத தானமே என்று எண்ணுகிறேன்.

அடுத்த 60 ஆண்டுகள் உலகெங்கும் இம்மருந்து விலங்குகளின் கணையத்திலிருந்தே எடுக்கப்பட்டது. ஏறத்தாழ கால் கிலோ இன்சுலினுக்கு இரண்டு டன்னுக்கும் மேற்பட்ட பன்றி உறுப்புகள் தேவைப்பட்டன என்பர். 1978இல் நுண்ணுயிரிகளைக் கொண்டு மனித இன்சுலினை உருவாக்கும் முறை கண்டறியப்பட்டது. 1982இல் அமெரிக்க அரசு அதற்கு ஒப்புதல் அளித்தது. என் கைக்கு அது வந்து சேர்ந்தது 1990களில். அதுவரை ஏறத்தாழ 20 ஆண்டுகள் மாட்டாலும் பன்றியாலும் உயிர் வாழ்ந்தவள் நான்.

இல்லறத்தார்க்குரிய அணுவிரதத்தில், வேண்டுமென்றே செய்யும் சங்கற்ப இம்சை ஒன்றே முற்றாக விலக்கப்பட்டது; இல்வாழ்க்கையிலும் தொழிலிலும் தற்காப்பிலும் தவிர்க்க இயலாது நிகழ்வன வேறு என்று நூல்கள் வகுத்துள்ளன. அவ்விலங்குகள் மருந்துக்காகக் கொல்லப்படவில்லை, இறைச்சிக்காகக் கொல்லப்பட்டவற்றின் எஞ்சிய உறுப்பே மருந்தாயிற்று என்று வாதிடவும் இடமுண்டு. சான்றோர் பலர் எனக்கு இவ்வாறு ஆறுதல் கூறியுள்ளனர். நன்றியுடன் கேட்டுக்கொண்டேன். எனினும் அந்த ஆறுதலை முழுவதுமாக ஏற்க என் மனம் ஒப்பவில்லை. ‘குற்றமில்லை’ என்பதைவிட ‘கடன் உண்டு’ என்று பாட்டி சொன்னதே எனக்கு வாழும் வழியைக் காட்டியது. குற்றமில்லை என்றால் செய்வதற்கு ஒன்றும் இல்லை. கடன் என்றால் நாள்தோறும் செய்வதற்கு ஒன்று இருக்கிறது.

ஆயினும், அக்கடனை நான் நெடுங்காலம் செலுத்தவில்லை என்பதையும் இந்த அவையில் ஒத்துக்கொள்ள வேண்டும். நோயை மறைப்பதிலேயே என் இளமை கழிந்தது. திருமணப் பேச்சு வந்தபோது, “தாலி ஏறும் வரை சொல்ல வேண்டாம்” என்று உறவினர் அறிவுரை கூறினர். மாப்பிள்ளை வீட்டாருக்கு நானே கடிதம் எழுதினேன், அவர்கள் விலகிக்கொண்டனர். அடுத்து வந்தவர் கணக்காசிரியர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “ஊசி எத்தனை மணிக்குப் போட்டுக்கொள்வீர்கள்?” என்று மட்டும் கேட்டார். அவரே என் கணவர். ஆனால் வீட்டில் கிடைத்த அந்தத் துணிவு எனக்குப் பள்ளியில் வரவில்லை. தமிழாசிரியையாகப் பணியில் சேர்ந்தபின், உடன் பணியாற்றியோர்க்கும் தெரியாமல் கழிப்பறையில் நின்று ஊசி போட்டுக்கொண்டேன். ‘சர்க்கரைப் பிள்ளை’ என்ற பழைய பெயர் மீண்டும் வந்துவிடுமோ என்ற அச்சம். 20 ஆண்டுகளுக்கு மேல் அவ்வாறு மறைத்தேன்.

2006ஆம் ஆண்டு என்று நினைவு. சேரன்மகாதேவிப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் மேல்நிலை வகுப்புக்கு ஆறாம் வேற்றுமை நடத்திக்கொண்டிருந்தேன். நன்னூல் செய்த பவணந்தி முனிவர் சமணத் துறவி. ஆறாம் வேற்றுமைக்குரிய கிழமைப் பொருளை அவர் தற்கிழமை, பிறிதின்கிழமை என இரண்டாகப் பகுப்பார். பொருளிலிருந்து பிரிக்க இயலாதது தற்கிழமை. ‘எனது கை’ என்பது போல. பிரிக்கத்தக்கது பிறிதின்கிழமை, ‘எனது வீடு’ என்பது போல. மாணவர்களை எடுத்துக்காட்டுச் சொல்லச் சொன்னேன். கடைசி வரிசையில் அமர்ந்திருந்த ஒரு மாணவன் எழுந்தான். அவனுக்கும் என் நோய்தான். வகுப்பில் அனைவர்க்கும் தெரியும். ‘சுகர்’ என்றே அவனை அழைப்பர். அவன் கேட்டான்:

“தமிழம்மா, ‘எனது நோய்’ தற்கிழமையா, பிறிதின்கிழமையா?”

வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

நாளைக்குச் சொல்கிறேன் என்று கூறிவிட்டு வீட்டுக்கு வந்தேன். பிறிதின்கிழமை என்றால், நீயும் நோயும் வேறு வேறு, கழற்றி வைக்கலாம் என்று பொருள்படும். அவனால் எங்கே கழற்றி வைக்க முடியும்? நல்லெண்ணம் கொண்டோர் நம்மிடம், “நோயைப் பற்றியே நினைக்காதே” என்கின்றனர். நினைக்காமல் ஒருவேளைச் சோறு உண்ண முடியுமா? உண்ணும் ஒவ்வொரு பிடிக்கும் கணக்கு உண்டே. தற்கிழமை என்றாலோ, ‘சுகர்’ என்று அவனை அழைப்போர் சொல்வதே சரி என்றாகிவிடும். அவன் என்பது நோய், நோய் என்பது அவன்.

அன்றிரவு நன்னூலை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். தற்கிழமைக்குள் முனிவர் ஐந்து வகை கூறுகிறார்: பண்பு, உறுப்பு, ஒன்றன் கூட்டம், பலவின் ஈட்டம், திரிபின் ஆக்கம். ஐந்தாவதாகிய திரிபின் ஆக்கத்துக்கு ‘நெல்லினது பொரி’ என எடுத்துக்காட்டுவர். நெல்தான் பொரியாயிற்று. பொரி நெல்லுக்கு வெளியே இருந்து வந்த ஒன்றன்று. ஆனால் அது பழைய நெல்லும் அன்று. இனி அதை மீண்டும் நெல்லாக்க முடியாது. வெம்மையால் திரிந்து வேறொன்றாக ஆகியிருக்கிறது. ஆனாலும் அது நெல்லுக்கே உரியது. பல ஆண்டுகளாக இதைப் பாடமாக நடத்தியிருக்கிறேன். எனக்காக எழுதப்பட்டது போல அன்றுதான் படித்தேன்.

மறுநாள் வகுப்பில் முதலில் என் கைப்பையிலிருந்து இன்சுலின் பேனாவை எடுத்து மேசைமேல் வைத்தேன். எனக்கு இந்நோய் வந்து 36 ஆண்டுகள் ஆயின என்றேன். வகுப்பு அமைதியாயிற்று. பின் அந்த மாணவனைப் பார்த்துச் சொன்னேன்: “உன் கணையம் செயல் இழந்தது உன் உறுப்பின் குறை. அதைக் கழற்றி வைக்க முடியாது. ஆனால் அதைத் தாங்கித் தாங்கி நீ இன்று என்னவாக ஆகியிருக்கிறாயோ, அது திரிபின் ஆக்கம். அந்த ஆக்கம் நோயினுடையது அன்று, உன்னுடையது. நெல்லினது பொரி என்கிறோம். நெருப்பினது பொரி என்று சொல்வதில்லை.” இலக்கண அறிஞர்கள் என் விளக்கத்தை ஏற்பரோ, அறியேன். அந்த மாணவன் ஏற்றுக்கொண்டான். அன்று முதல் அவன் வகுப்பிலேயே ஊசி போட்டுக்கொண்டான். நானும் ஆசிரியர் அறையிலேயே போட்டுக்கொண்டேன். ‘சுகர்’ என்ற பெயர் ஒரு மாதத்தில் உதிர்ந்துபோயிற்று. இன்று அவன் தூத்துக்குடியில் பணிபுரிகிறான். பொங்கலுக்குப் பொங்கல் தவறாமல் அழைப்பான்.

வினைக்கோட்பாட்டை அறிந்த இந்த அவையில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். “எந்தப் பிறவியில் செய்த வினையோ” என்று என் தாயாரிடம் பலர் சொல்லக் கேட்டு வளர்ந்தேன். சொன்னவர்கள் கொடியவர்கள் அல்லர். ஆனால் அச்சொல் ஒவ்வொரு முறையும் அம்மாவைச் சுருங்கச் செய்ததைக் கண்டிருக்கிறேன். நம் நூல்கள் வினையை எட்டாகப் பகுக்கின்றன. அவற்றுள் நான்கு காதி வினைகள். உயிரின் இயல்பான அறிவையும் காட்சியையும் ஆற்றலையும் மறைப்பன, மயக்குவன. எஞ்சிய நான்கும் அகாதி வினைகள். உடம்பு, ஆயுள், பிறப்பு, இன்பதுன்ப நுகர்ச்சி ஆகியவற்றைத் தருவனவேயன்றி, உயிரின் இயல்பைச் சிதைப்பன அல்ல. நோயின் துன்பத்தைத் தரும் வேதனீயம் இந்த இரண்டாம் தொகுதியில்தான் வைக்கப்பட்டுள்ளது. நோயுற்ற குழந்தையைக் கண்டு வினை என்று சொல்ல நா எழுமானால், இந்தப் பகுப்பையும் சேர்த்தே நினைவுகொள்ளுங்கள். அக்குழந்தையின் அறிவுக்கும் காட்சிக்கும் ஒரு குறைவும் வரவில்லை என்பதும் அதே கோட்பாடு கூறுவதே.

இனி, நான் உங்களிடம் வேண்டுவது. ஆகாரம், ஔஷதம், சாத்திரம், அபயம் என்னும் நான்கு தானங்களை நாம் போற்றுகிறோம். நம் முன்னோர் அறநூலுக்கே மருந்தின் பெயரை இட்டவர்கள். ஏலாதி, சிறுபஞ்சமூலம் ஆகிய இரண்டையும் இயற்றியோர் சமணச் சான்றோரே. இன்று அரசு மருத்துவமனைகளில் இன்சுலின் விலையின்றிக் கிடைக்கிறது. ஆனால் நாளுக்கு நான்கைந்து முறை இரத்தத்தைச் சோதிக்கும் பட்டைகளை ஏழைப் பெற்றோர் கடையில்தான் வாங்க வேண்டியிருக்கிறது. செலவுக்கு அஞ்சி அவர்கள் சோதிப்பதை நிறுத்திவிடுகின்றனர். இப்பள்ளத்தாக்கின் சிற்றூர்களில் அத்தகைய குழந்தைகள் சிலரை நானே அறிவேன். அவர்களுக்கு அப்பட்டைகளை வாங்கித் தரும் பொறுப்பை இந்த அறக்கட்டளை ஏற்க வேண்டும் என்று விண்ணப்பிக்கிறேன். என் ஓய்வூதியத்திலிருந்து இயன்றதை ஏற்கெனவே செய்து வருகிறேன். அதுவே நான் பட்ட கடனுக்கு வட்டி. முதல் இன்னும் நிலுவையில் இருக்கிறது.

பணம் தர இயலாதோர்க்கும் ஒன்று உண்டு. உங்கள் வீட்டிலோ தெருவிலோ நாள்பட்ட நோயோடு வளரும் பிள்ளை இருந்தால், அதைப் பெயர் சொல்லி அழையுங்கள். பந்தியில் அதன் இலையைக் கடந்து போகாதீர்கள். அது உண்ணத்தக்க ஒன்றைக் கேட்டறிந்து பரிமாறுங்கள். உபவாச நாளில் அப்பிள்ளை உண்ணும்போது எதிரில் ஒருவர் அமர்ந்திருங்கள். என் பாட்டி சொல்லாமல் சொன்ன விடை அதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

நாளை கழுகுமலையில் 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தீர்த்தங்கரர் திருவுருவங்களைக் காண்பீர்கள். அவற்றின் கீழே வட்டெழுத்தில் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கும். இன்ன ஊரைச் சேர்ந்த இன்னார் செய்வித்தது என்ற அளவே அச்செய்தி. செய்வித்தோருள் குரத்தியர் என்னும் பெண் ஆசான்களும் உண்டு. தச்சரும் குயவரும் உண்டு. பெண்ணாகவும் ஆசிரியராகவும் இருந்த அவர்களின் பெயர்முன் நிற்கும்போதெல்லாம் எனக்கு ஓர் எண்ணம் தோன்றும். அவர்களுள் எவர்க்கு என்ன நோய் இருந்தது? எவர் நடக்க மாட்டாமல் அந்த மலை ஏறினார்? எவர்க்கு மூச்சு இரைத்தது? கல் சொல்லவில்லை. 1,200 ஆண்டுகளாக அவர்கள் அங்கே அறியப்படுவது, அவர்கள் செய்வித்ததனால் மட்டுமே.

மேட்டில் ஏறும்போது மெதுவாக ஏறுங்கள். உங்களோடு வரும் பிள்ளைகளுள் எவருக்கேனும் களைப்போ நடுக்கமோ தோன்றினால் என்னிடம் அனுப்புங்கள். என் பையில் எப்போதும் சர்க்கரை இருக்கும். மலையடிவாரத்தில் உங்களுக்காகக் காத்திருப்பேன்.